ஜங்கிள் புக்கில் வந்த கிச்சி அணிலா, கீரியா? முப்பது வருடப் பந்தயம், தீர்த்து வையுங்கள்

கோவில்பட்டிக்காரி:

வணக்கம். கேள்வி சின்னது, முன்கதை நீளம். அவசரக்காரர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

1993. எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. எங்கள் தெருவில் டிவி இருந்தது வாத்தியார் வீட்டில் மட்டும்தான். சாலிடேர், இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. கொடைக்கானலில் இருந்து வரும் தூர்தர்ஷன். காற்று பலமாக அடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். மொட்டை மாடியில் ஒருவன், வாசலில் ஒருவன், உள்ளே டிவி முன்னால் ஒருவன் என்று நின்றுகொண்டு, "வருது... வருது... போச்சு" என்று தகவல் மேலே போகும். மாடியில் நிற்பவன் எப்போதும் என் அண்ணன். அதனால் பாதி வாரம் அவன் தலைப்புப் பாட்டையே பார்த்ததில்லை. இது அவனுக்கு இன்று வரைக்கும் ஒரு குறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜங்கிள் புக் கார்ட்டூன், காட்டில் ஓநாய்களோடு வளரும் பையன் மோக்லியின் கதை. ஆனால் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. "ஒரு குரோஸ் ஒட்டிட்டு எங்க வேணும்னாலும் போ" என்பார். குரோஸ் என்றால் 144 பெட்டி. அதனால் சனிக்கிழமை ராத்திரியே ஒட்டி முடித்துவிடுவோம். காலையில் வாத்தியார் வீட்டு அம்மா வாசலிலேயே எங்கள் இரண்டு கையையும் திருப்பிப் பார்ப்பார். விரலில் பசை காய்ந்திருந்தால் மொசைக் தரையில் உட்கார விடமாட்டார். தொட்டிக்குப் போய்க் கழுவிவிட்டு வர வேண்டும்.

அதெல்லாம் சரி, நிகழ்ச்சி முழுக்க இந்தி. எங்களில் ஒருத்தருக்கும் இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஈஸிசேரில் சாய்ந்தபடி எங்களுக்கு மொழிபெயர்ப்பார். "கரடி இப்ப பாம்புகிட்ட கைமாத்து கேக்குது." "ஓநாய் வீட்டுல பாகப்பிரிவினை, அதான் எல்லாம் கூடி உக்காந்திருக்கு." நாங்கள் அப்படியே நம்பினோம். போன வருடம் யூடியூபில் சில பகுதிகளை மறுபடியும் பார்த்தேன். இப்போது எனக்கு ஓரளவு இந்தி தெரியும். கதை வேறு என்னமோ போகிறது. வாத்தியார் சொன்ன கதைதான் நன்றாக இருந்தது.

தலைப்புப் பாட்டில் சட்டி என்று ஒரு சொல் வரும். மோக்லி அரையில் கட்டியிருப்பது மண்சட்டி என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காட்டில் துணிக்கு எங்கே போவான், சட்டியைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டான் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தியில் அது ஜட்டி என்று கல்லூரியில் ஒரு தோழி சொன்னபோது விடுதியே சிரித்தது. பாட்டை எழுதியவர் குல்சார், இசை விஷால் பரத்வாஜ் என்பதெல்லாம் அதற்கப்புறம் தெரிந்தது. ஷேர் கான் என்ற புலிக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர் என்பதும். எங்களுக்கு ஷேர் கான் குரல் என்றால் முக்குக் கடை அண்ணாச்சி குரல்தான். பாக்கி கேட்கும்போது அவர் அப்படித்தான் பேசுவார்.

மோக்லி வைத்திருந்த பூமராங் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் கருவேலங்கட்டையை வளைவாகச் செதுக்கி வீசினான். திரும்பி வரவில்லை. வாத்தியார் வீட்டு ஓட்டைத்தான் உடைத்தது. அந்த மாதம் முழுக்க எங்களுக்கு மோக்லி இல்லை.

இனி விஷயம். மோக்லியோடு ஒட்டிக்கொண்டே திரியும் ஒரு சின்ன மிருகம். செம்பழுப்பு உடம்பு, புசுபுசுவென்று பெரிய வால். பெயர் கிச்சி. கிச்சுக்கிச்சு மூட்டும், அதனால்தான் அந்தப் பெயர் என்று நான் முடிவு செய்திருந்தேன். அது என்ன மிருகம்? நான் அணில் என்றேன், அதாவது மலையில் இருக்குமே பெரிய அணில், அந்த வகை. வாலைப் பார்த்தாலே தெரியும். அண்ணன் கீரிப்பிள்ளை என்றான். ஒரு கிலோ கடலைமிட்டாய் பந்தயம். சாட்சி கேட்டு வாத்தியாரிடம் போனோம். "அது வடநாட்டுப் பூனை" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஒரு செவலைக் குட்டி நாய் கிடைத்தது. அதற்குக் கிச்சி என்று பெயர் வைத்தோம். பதினோரு வருடம் எங்களோடு இருந்தது. அம்மா பெட்டி ஒட்டும்போது பசைக் கிண்ணத்தை நக்கும், மைதா மாவுதானே. அடித்தாலும் போகாது. அண்ணன் இப்போது தோஹாவில் இருக்கிறான். ஒவ்வொரு விடுமுறையிலும் அணில், கீரி சண்டை ஒரு தடவையாவது வரும். போன வாரம் என் மகள் போனில் அந்தப் படத்தைப் பார்த்து, "இது என்ன அனிமல்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே கேள்வி: கிச்சி என்ன மிருகம்? கூடவே இன்னொன்று. என்னை மாதிரி மொழியே புரியாமல் டிவியில் ஒரு மிருகத்தின் மேல் உயிரை வைத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

ராஜபாளையத்தான்:

நரிக்குட்டி. இதில் என்ன சந்தேகம்?

தேயிலைக்காடு:

சகோதரி, பந்தயத்தில் இரண்டு பேருமே தோற்றீர்கள். அது சிவப்பு பாண்டா.

நம் ஊரில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் உங்கள் மேல் குற்றமில்லை. சிக்கிம், அருணாசலப் பிரதேசம், டார்ஜிலிங் பக்கத்து மலைகளில், 2000 மீட்டருக்கும் மேலே மூங்கில் காட்டில் வாழ்வது. சிக்கிமின் மாநில விலங்கு. பாண்டா என்றால் எல்லோரும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கரடியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் முதலில் இதற்குத்தான் இருந்தது, பெரியது பின்னால் வந்து பெயரை எடுத்துக்கொண்டது. டார்ஜிலிங் உயிரியல் பூங்காவில் இதை வளர்த்துப் பெருக்குகிறார்கள். நான் 2011இல் அங்கே போனேன். மேடேறி மூச்சு வாங்கப் போய் நின்றால், அது கிளையில் குப்புறப் படுத்து நாலு காலையும் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு தடவை வாலைப் புரட்டிப் போட்டது. அவ்வளவுதான்.

மோக்லி கதை நடக்கும் இடம் மத்தியப் பிரதேசத்துச் சிவனி, இப்போது பெஞ்ச் புலிகள் காப்பகம் இருக்கும் பகுதி. அங்கே சிவப்பு பாண்டா கிடையாது. மூலக்கதையை எழுதிய கிப்ளிங்கின் 1894ஆம் வருடப் புத்தகத்திலும் கிச்சி இல்லை. நீங்கள் பார்த்தது நிப்பான் அனிமேஷன் என்ற ஜப்பான் நிறுவனம் 1989, 90இல் எடுத்த 52 பகுதித் தொடர். கிச்சி அவர்கள் சேர்த்தது. மோக்லிக்குப் பாடம் சொல்லித்தரும் கரடி பாலுவிடமும் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. கிப்ளிங் அதைப் பழுப்புக் கரடி என்று எழுதிவிட்டார், சிவனிக் காட்டில் இருப்பதோ நம் ஊர்க் கறுப்புத் தேன்கரடி. எங்கள் கோத்தகிரியில் அதே கரடிதான். பாலு மாதிரி பாடம் சொல்லித்தர வராது. ராத்திரி தேயிலைக்குள் இருந்து இறங்கி வந்து கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். எங்கள் தெருக்கோயிலுக்கு இரண்டு தடவை வந்துவிட்டது. பூசாரி இப்போது எண்ணெய்க் குடத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். சிறுவயதில் பாலு மேல் எனக்கும் உயிர்தான். விடிகாலையில் பால் வாங்கப் போகும்போது மட்டும் அந்த உயிர் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

இன்னொரு சங்கதி. ஊன் உண்ணிகளின் வரிசையில் இரண்டு பெரிய கிளை. ஒன்று பூனைப் பக்கம்: பூனை, புலி, புனுகுப்பூனை, கழுதைப்புலி, கீரி. மற்றது நாய்ப் பக்கம்: நாய், நரி, கரடி, நீர்நாய், சிவப்பு பாண்டா. (கழுதைப்புலி பூனைப் பக்கம் என்பதை நம்ப எனக்கே நாள் பிடித்தது.) அணில் இரண்டிலும் இல்லை, அது எலி வகையறா. ஆக உங்கள் அணிலும் தூரம், அண்ணனின் கீரியும் எதிர்க்கட்சி. உறவு முறையில் பார்த்தால் இவை இரண்டையும் விடக் கிச்சிக்குக் கிட்டத்துச் சொந்தம் நீங்கள் வளர்த்த அந்தச் செவலை நாய்தான்.

ராஜபாளையத்தான்:

நரியும் நாய்ப் பக்கம்தானே? கடலைமிட்டாய் விலாசம் அனுப்பவா?

செம்பவாங் பெரியவர்:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், அம்மா. எனக்கு 69 வயது. சிங்கப்பூரில் பழைய நேவல் பேஸ் குடியிருப்பில் வளர்ந்தவன், அப்பா அங்கே கூலி வேலை. இங்கே தொலைக்காட்சி வந்தது 1963இல். வீட்டில் ஏது? சமூக மன்றத்தில் உயரமாக ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நாங்கள், எல்லோரும் தரையில். பெரியவர்கள் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள்.

அதில்தான் ஃபிளிப்பர் பார்த்தேன். டால்பின் நடித்த அமெரிக்கத் தொடர், 1964 முதல் 1967 வரை எடுத்தது. நான் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை, அந்த ஆங்கிலம் ஓடும் ஓட்டத்தில் பத்தில் ஒரு சொல் பிடிபட்டால் பெரிது. ஆனால் அந்த மீன் பேசுவது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது! (மீன் இல்லை என்று யாரும் திருத்த வேண்டாம், அப்போது எனக்கு மீன்தான்.) எங்கள் ஆயா நாகப்பட்டினம் கடற்கரைக்காரி. ஒரே ஒரு நாள் என்னோடு வந்து பார்த்தார். "ஓங்கில்டா அது. வலையக் கிழிக்கிற சனியன், இதுக்குப் போயி பாட்டெல்லாம் போடுறான்" என்று எழுந்து போய்விட்டார்.

பெரியவனாகிப் படித்தபோது தெரிந்தது, ஃபிளிப்பர் என்று ஒரு டால்பின் இல்லவே இல்லை. சூசி, கேத்தி என்று பல பெண் டால்பின்கள் மாறி மாறி நடித்திருக்கின்றன. அந்தக் கீச்சுக் குரலும் டால்பினுடையது இல்லை, ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவைக் குரலை மாற்றிச் சேர்த்தது. அதாவது எனக்கு நன்றாகப் புரிந்தது என்றேனே, அது ஒரு பறவை பேசியது! நாய் நடித்த லாஸி தொடரும் இப்படித்தான். கதையில் பெண் நாய், நடித்தது ஆண் நாய்கள். முதல் நாயின் பெயர் பால், அதற்குப் பிறகு அதன் மகன், பேரன் என்று வாரிசுரிமைதான், நம் அரசியல் மாதிரி.

ஃபிளிப்பர் டால்பின்களைப் பழக்கியவர் ரிக் ஓ பேரி. மயாமியில் அந்தத் தொடர் எடுத்த ஏரிக்கரை வீட்டிலேயே குடியிருந்தார். நிகழ்ச்சி வரும் நேரத்தில் நீளமான மின்கம்பி இழுத்து டிவிப் பெட்டியைப் படகுத்துறை வரைக்கும் கொண்டுபோய் வைப்பாராம், டால்பின்கள் தங்களைத் தாங்களே பார்க்கட்டும் என்று. சூசி தான் வரும் காட்சி எது, கேத்தி தான் வரும் காட்சி எது என்று கண்டுபிடித்துவிடும் என்கிறார். இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறொன்றும் ஓடவில்லை எனக்கு. நாங்கள் சமூக மன்றத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பார்த்ததை, அங்கே அதுவும் தண்ணீரில் நின்று பார்த்திருக்கிறது.

1970இல் கேத்தி அவர் கையிலேயே செத்துப்போனது. டால்பின் நம்மைப் போல் தூக்கத்திலும் தானாக மூச்சு விடுவதில்லை, ஒவ்வொரு மூச்சும் நினைத்து இழுப்பது. கேத்தி அடுத்த மூச்சை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது என்பது அவர் சொல்வது. அதற்கப்புறம் அவர் டால்பின்களைப் பிடிக்கிறவர்களுக்கு எதிராகக் கிளம்பியவர்தான், இன்னும் நிற்கவில்லை. 2013இல் இந்திய அரசு டால்பின் காட்சிக்கூடங்களுக்கு இடமில்லை என்று அறிவித்த செய்தியைப் படித்தபோது எனக்குக் கேத்தி ஞாபகம்தான் வந்தது.

என் பேரன் இங்கே வண்ணத்தில் அந்தப் பழைய தொடரைத் தேடி எடுத்துக் காட்டினான். இங்கே வண்ணத் தொலைக்காட்சி வந்தது 1974இல், அதனால் நான் பார்த்தது எல்லாம் சாம்பல். கடல் நீலமாக இருந்ததும் என்னவோ போல் இருந்தது. பாதியில் அணைக்கச் சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தை வாசி:

அக்கா, உங்கள் வாத்தியாரின் மொழிபெயர்ப்பைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மம்மா செய்தவர்.

நாங்கள் யாழ்ப்பாணம். 1990இல் சண்டை மறுபடியும் தொடங்க, கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஏழு வயது. வெள்ளவத்தையில் ஒரு அறை, பக்கத்து அறைக்காரரிடம் டிவி. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் டாக்டர் டூலிட்டில் கேலிச்சித்திரத்தைச் சிங்களமாக்கிப் போடுவார்கள், மிருகங்களோடு பேசத் தெரிந்த டாக்டர். சிங்களத்தில் அவர் பெயர் தொஸ்தர ஹொந்தஹித. அதைச் செய்தவர் டைட்டஸ் தொட்டவத்த. சிங்களப் பிள்ளைகள் எவரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லி உருகுவார்கள். உருகலாம், தப்பில்லை.

ஹொந்த என்றால் நல்ல. ஹித என்றால் மனம். நான் படித்த முதல் இரண்டு சிங்களச் சொற்கள் அவைதான். மூன்றாவதும் நான்காவதும் பஸ் கண்டக்டர் தந்தவை: "இஸ்ஸரஹட்ட யன்ன", அதாவது முன்னுக்குப் போ. முதல் ஒரு வருடம் இந்த நாலு சொல்லோடு காலம் தள்ளினேன்.

டாக்டரிடம் மிருகங்கள் வந்து நோவைச் சொல்லும்போது அம்மம்மா எங்களுக்குச் சொல்லுவா, "பல்லு நோகுதாம்", "பிள்ளையைக் காணேல்லையாம்" என்று. அவவுக்கும் ஒரு சொல் சிங்களம் தெரியாது. பன்றிக்குப் பல் நோவென்றால் எனக்கும் நம்பச் சரியாகத்தான் இருந்தது.

நாங்கள் வரும்போது எங்கள் நாய் வைரவனைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தோம். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்றார்கள், பிறகு சித்தப்பாவும் வெளிக்கிட்டுவிட்டார். நான் அந்த நிகழ்ச்சியை அப்படிப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது அந்த வாத்து பிடிக்கும், அவ்வளவுதான்.

கோவில்பட்டிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சிவப்பு பாண்டா படத்தைத் தேடி மகளிடம் காட்டினேன். "ஆமா, இதுதான்" என்றாள், என்னமோ முப்பது வருடமாக அவள்தான் தேடியது மாதிரி.

செம்பவாங் ஐயா, படகுத்துறையில் டிவி வைத்த கதையை அம்மாவிடம் சொன்னேன். "மீனு பாக்கும்போது பசை கை கழுவச் சொன்னாங்களாமா?" என்று கேட்டார். வெள்ளவத்தை வாசி, உங்கள் வைரவனைப் பற்றியும் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார்.

ராஜபாளையத்தான் தம்பிக்கு ஒரு கிலோ எல்லாம் கிடையாது. அருகில் வந்ததற்காக வேண்டுமானால் இரண்டு துண்டு.

தேயிலைக்காடு அண்ணன் எழுதியதை அப்படியே தோஹாவுக்கு அனுப்பினேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து அவன் கூப்பிட்டான். தோற்றதை ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டான். கிச்சிக்கு நாய்தான் கிட்டத்துச் சொந்தம் என்றால், நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவன்தான் ஜெயித்தவன், அது நான், கடலைமிட்டாய் எடுத்து வை, மாசியில் வருகிறேன் என்கிறான்.

பெயர் வைத்தது நான். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அதைத் தூக்கியதும் நான்தான். அவன் அன்றைக்கும் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.